காஜா பேராங் சாலையில் நின்றவர்கள்

மலாக்கா பட்டணத்து மக்களுக்கு ஞாபகசக்தி போதாது என்று 2603-ஆம் ஆண்டின் கடைசியில் அரசாங்கம் கண்டுபிடித்தது. பழைய கணக்கில் அது 1943. ஜப்பான்காரன் வந்ததும் ஒரே இரவில் எங்களுக்கு அறுநூற்று அறுபது வயது கூடிப்போயிருந்தது. கடிகாரமும் தோக்கியோவைப் பார்த்து ஒன்றரை மணி முன்னால் ஓடியது. எல்லாம் கூடிக்கொண்டு போன அந்தக் காலத்தில் அரிசி மட்டும் குறைந்துகொண்டு வந்தது.

விஷயம் இதுதான். ஜப்பானியப் படை சைக்கிளில் மலாக்காவுக்குள் நுழைந்தது இரண்டு வருஷத்துக்கு முன், பொங்கல் சமயத்தில். அன்று காஜா பேராங் சாலையில் ஒரு மனிதர்கூட இல்லை. பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் புக்கிட் பாருப் பக்கம் ரப்பர் காட்டுக்குள் ஓடிப்போயிருந்தோம். ஓட முடியாதவர்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தார்கள். சாலையில் நின்று படையைப் பார்த்தவை இரண்டு ஆடுகளும் ஒரு நாயும்தான்.

ஆனால் பிற்பாடு மேலிடத்துக்குப் போன அறிக்கையில், மக்கள் சாலையின் இருமருங்கிலும் திரண்டு நின்று ஆனந்தக் கண்ணீரோடு கொடியசைத்தார்கள் என்று எழுதியிருந்தது. அறிக்கை எழுதியவர் பதவி உயர்ந்து போய்விட்டார். இப்போது, இரண்டாம் ஆண்டு நிறைவுக்காக, அன்று நின்ற மக்களில் முந்நூறு பேருடைய நினைவுகளைத் திரட்டி அனுப்பும்படி சியோனானிலிருந்து, அதாவது சிங்கப்பூரிலிருந்து, உத்தரவு வந்தது.

அறிக்கை தப்பாக இருக்க முடியாது. அதில் முத்திரை இருந்தது. ஆகவே தப்பு எங்கள் ஞாபகத்தில்தான் இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளிப் பூட்டிக்கிடந்த ஒரு கடைவீட்டைத் திறந்து, 'வரவேற்பு நினைவுக் காரியாலயம்' என்று பலகை மாட்டினார்கள். மேலதிகாரி ஒகாவா என்கிற ஜப்பானியர். அவருக்குக் கீழே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, பொன்னுதுரை. வெள்ளைக்காரன் காலத்திலும் அவர்தான் பெரிய கிராணி. வெள்ளைக்காரன் போன மறுவாரமே இடுப்பை மடித்துக் கும்பிடக் கற்றுக்கொண்டவர். அவருக்குக் கீழே சின்னக் கிராணி தெய்வநாயகம். மூன்று பாஷையில் அழகாக எழுதுவார், யாரையும் கடிந்து பேசமாட்டார். காஜா பேராங்கில் தையல் மெஷின் போட்டிருந்த ராமச்சந்திரனாகிய என்னையும் ஓர் உறுப்பினராகப் போட்டார்கள். கொடி தைக்க ஆள் வேண்டியிருந்தது.

படிவத்தில் நான்கு கேள்விகள். சாலையின் எந்தப் பக்கம் நின்றீர், வலமா, இடமா? கொடியை எத்தனை முறை அசைத்தீர்? கண்ணீர் ஒரு கண்ணிலா, இரு கண்ணிலுமா? முதலில் மகிழ்ந்தது நீரா, உம் குடும்பத்தாரா? நிற்கவில்லை என்று எழுத இடம் விடவில்லை. அப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வராது என்று ஒகாவா கருதினார்.

முதல் நாள் வந்தவர் செட்டி கம்பம் என்கிற குடியிருப்பைச் சேர்ந்த தம்பிராஜா. அந்தக் கம்பத்து மக்களுக்குக் கோயிலும் விபூதியும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். அன்று வீட்டுக்குள்தான் இருந்தேன் என்று அவர் மலாயில் உண்மையைச் சொல்லிவிட்டார். தெய்வநாயகம் பேனாவை நிறுத்திக்கொண்டு பெரிய கிராணியைப் பார்த்தார். பொன்னுதுரை சிறிது யோசித்து, தம்பிராஜாவின் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று விசாரித்தார். சாலையைப் பார்த்தது என்று பதில் வந்தது. அப்படியானால் வீட்டில் இருந்தவர் சாலையோரத்தில் இருந்தவரே என்று தீர்ப்பாகி, தம்பிராஜா இடப்பக்கத்தில் நிறுத்தப்பட்டார்.

படிவம் நிரப்பியவரின் அரிசிக் கார்டில் ஒரு சிவப்பு முத்திரை விழும். முத்திரை விழாத கார்டுக்கு அந்த மாதம் அரிசி கிடையாது. மரவள்ளிக்கிழங்கு தின்றபடி நிதானமாக ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டினால் பட்டணத்தின் ஞாபகசக்தி வியக்கத்தக்க வகையில் முன்னேறியது. முந்நூறு பேர் கேட்ட இடத்தில் இரண்டே வாரத்தில் நாலாயிரம் பேர் நின்றிருந்தார்கள். ஒகாவா கயிறு பிடித்துச் சாலையை அளந்து பார்த்து, இத்தனை பேர் நிற்கவேண்டுமானால் நான்கு வரிசையாக நின்றிருக்கவேண்டும் என்று கணித்தார். நான்காம் வரிசைக்காரனுக்குப் படை தெரிந்திருக்காது. ஆகவே அவர்கள் 'பார்த்தேன்' என்று எழுதியதையெல்லாம் அடித்து 'கேட்டேன்' என்று மாற்ற தெய்வநாயகத்துக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் வரிசைக்குப் போட்டி வந்து இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. பொன்னுதுரைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்து நான் முதல் வரிசைக்கு வந்துவிட்டேன். பொன்னுதுரையோ வரிசையிலேயே இல்லை. முன்னால் வந்த சைக்கிளுக்கு மாலை போட்டவர் அவர்தான் என்று அவருக்கு நினைவு வந்திருந்தது.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாக்கியம் வந்தாள்.

பாக்கியத்தின் புருஷன் மருதமுத்து மாட்டுவண்டிக்காரன். எங்கள் தெருவில் விறகு போடுகிறவன். அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை உப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பாசாருக்கு, சந்தைக்கு, போனான். பாசார் வாசலில் லோரி நின்றது. வரிசையில் இருந்த ஆண்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சியாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். வண்டி மட்டும் தெருவில் நின்றது. மாட்டைப் பிறகு வேறு யாரோ கொண்டுபோனார்கள். பாக்கியம் இரண்டு பெண்பிள்ளைகளோடு மிஞ்சினாள்.

தெய்வநாயகம் வழக்கம்போல் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்டார்.

"அன்னைக்கு நாங்க புக்கிட் பாருல இருந்தோங்க ஐயா," என்றாள் பாக்கியம். "நீங்களும்தான் இருந்தீங்க. உங்க சம்சாரத்துக்கு நான்தானே தண்ணி மொண்டு குடுத்தேன்."

பொன்னுதுரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவள் சொல்வது நினைவு அல்ல, வெறும் தகவல் என்றும், தகவல்களைப் பெற்றுக்கொள்ள இந்தக் காரியாலயத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் விளக்கினார்.

அவள் அதற்காக வரவில்லை. புருஷன் விஷயமாக மூன்று காரியாலயம் ஏறி இறங்கிவிட்டு இங்கே வந்திருந்தாள். ஞாபகத்தை எழுதிக்கொள்கிற இடம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அவரு உப்பு வாங்கத்தான் போனாரு. சியாமுக்குப் போறேன்னு சொல்லலை. சட்டைகூடப் போடலைங்க, துண்டோட போனாரு. இதை எங்கயாவது எழுதி வைங்க ஐயா. நாளைக்கு யாராச்சும் தேடினா தெரியணும்ல."

சியாமுக்குப் போனவர்களுக்கென்றும் ஒரு படிவம் இருந்தது. 'மகா கிழக்காசியத் தொண்டர் நினைவு' என்று அதற்குப் பெயர். லோரியில் ஏறும்போது தொண்டர் எந்தப் பாட்டைப் பாடினார் என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. தெய்வநாயகம் அந்தப் படிவத்தைப் பார்த்தார். பாக்கியத்தின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு குனிந்து வேகமாக எழுதி, கார்டில் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

"நான் சொன்னதைத்தானே எழுதினீங்க?" என்று அவள் கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"எழுதிட்டேம்மா," என்றார் அவர்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கொடிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது எனக்குத் தெரிந்தது. 'மனைவி தடுத்தும் கேளாமல், ஆசியாவின் விடுதலையை எண்ணி, பாடிக்கொண்டே லோரியில் ஏறினார்.' நான் மெஷினை மிதித்து ஓரத்தை அடித்து முடித்தேன். அன்று அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தது. நல்ல காரியம் நடந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

நிறைவு விழாவுக்குச் சியோனானிலிருந்து படம் பிடிக்கிறவர் வந்தார். அன்று நடந்ததை நடந்தபடியே மறுபடி நடத்திக் காட்டவேண்டும் என்றார்கள். எங்களிடமிருந்து பிடுங்கிய சைக்கிள்களிலேயே சிப்பாய்கள் ஏறி வந்தார்கள். அவரவர் படிவத்தில் உள்ள இடத்தில் நாங்கள் நின்று கொடியசைத்தோம். பாக்கியத்துக்கு இடப்பக்கம் இரண்டாம் வரிசை கிடைத்தது. பொன்னுதுரை மாலை போட்டார். ஒகாவா கையைத் தூக்கியதும் அழவேண்டும் என்பது ஏற்பாடு, எல்லாரும் அழுதார்கள். இரண்டு வருஷமாக வாய்விட்டு அழ அனுமதி கிடைக்காத சனம். ஒகாவா கையை இறக்கி, படம்பிடிப்பவர் பெட்டியைக் கட்டின பிறகும் நிறுத்த முடியவில்லை. எங்கள் உணர்ச்சியைப் பற்றி ஒகாவா மிகவும் மெச்சி மேலிடத்துக்கு எழுதினார்.

அதற்குப் பிறகு யாரும் பொய் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாங்கள் நின்றோம் என்பதற்குப் படம் இருந்தது.

நாற்பத்தைந்து ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. வருஷம் சட்டென்று அறுநூற்று அறுபது குறைந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். நான் அவன் கொடியைத் தைக்க உட்கார்ந்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், ஜப்பான் கொடியைவிட மூன்று பங்கு வேலை. ஜாலான் துக்காங் எமாஸ் கடைவீட்டில் பலகையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் 'விசுவாச விசாரணைக் காரியாலயம்' என்று எழுதி மாட்டினார்கள். பொன்னுதுரை அதே நாற்காலி. தெய்வநாயகம் அதே பேனா. மேலதிகாரியாக ஓர் இளவயது வெள்ளைக்காரத் துரை வந்தார். நேர்மையானவர், எதையும் தீர விசாரிக்கவேண்டும் என்கிறவர். அதனால்தான் இவ்வளவும் வந்தது.

முதல் வாரத்திலேயே அலமாரியில் அந்தப் படம் அகப்பட்டது. நாலாயிரம் பேர் ஜப்பான் கொடியோடு நிற்கிறார்களே, இது என்ன என்று துரை கேட்டார். பொன்னுதுரை படத்தை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, கொடியைக் கவனிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார். மக்கள் அனைவரும் தங்கள் எதிர்ப்பைக் காட்டும் வண்ணம் கொடியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்றார்.

ஜப்பான் கொடியைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று துரை யோசித்துப் பார்த்தார். படத்தில் இருந்தது போலவேதான் இருந்தது. மறுக்க வழியில்லை. மாலையைப் பற்றிக் கேட்டதற்கு, அதற்குள் சிவப்பெறும்பு வைத்திருந்ததாகப் பொன்னுதுரை சொன்னார். கண்ணீருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நாலாயிரம் பேருக்கும் விசுவாசச் சான்றிதழ் எழுத உத்தரவாயிற்று. சான்றிதழ் இருந்தால்தான் வேலை, லைசென்ஸ், கடை எல்லாம். பத்து நாளில் தெருவில் எல்லாருக்கும் தாங்கள் கொடியைத் தலைகீழாகப் பிடித்தது நன்றாக நினைவு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. நான்தான் தைத்தேன் என்பதால், தைக்கும்போதே தலைகீழாகத் தைத்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் சியாம் முகாம்களில் இருந்தவர்களைத் தேடி ஊருக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. இரண்டு பட்டியல் போட்டார்கள். பலவந்தமாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஒன்று. அந்தப் பெயர்கள் முகாம்களுக்குப் போகும், தேடுவார்கள். சொந்த விருப்பத்தில் எதிரிக்கு உதவப் போனவர்கள் இன்னொன்று; அவர்கள் தாங்களாகப் போன மாதிரி தாங்களாகத் திரும்பிக்கொள்ளவேண்டியது.

பாக்கியம் இந்த முறை தைரியமாக வந்தாள். துரை கேட்பதற்கு முன்பே தெய்வநாயகத்தைக் கைகாட்டினாள்.

"எல்லாம் இந்த ஐயா அப்பவே எழுதி வச்சிருக்காரு துரை. அதை எடுத்துப் பாருங்க."

துரை பழைய படிவக் கட்டை எடுத்துவரச் சொன்னார். தெய்வநாயகம் நகரவில்லை. பொன்னுதுரையே எடுத்து வந்து, மொழிபெயர்த்து, இவள் புருஷன் விருப்பத்தோடு பாடிக்கொண்டே போனவர், இரண்டாம் பட்டியல் என்றார். துரை தலையாட்டி எழுதப் போனார்.

"என்ன படிச்சாரு ஐயா?" என்று பாக்கியம் தெய்வநாயகத்தைக் கேட்டாள்.

அவர் எழுந்து நின்றார். துரையிடம் இங்கிலீஷிலும் அவளிடம் தமிழிலுமாக ஒன்றையே இரண்டு முறை சொன்னார். அந்தப் படிவத்தில் இருப்பது பொய், இவள் சொன்னது அது அல்ல, அரிசி முத்திரைக்காக நானே எழுதியது.

துரை பேனாவை வைத்தார். "இதே கையெழுத்தில் இருக்கிற மற்றப் படிவங்கள்?"

"எல்லாம் அப்படித்தான்," என்றார் தெய்வநாயகம். "அன்று சாலையில் ஒருவரும் நிற்கவில்லை."

பாக்கியம் அவரை ஏசவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். துரை கட்டை மூடி, மறுநாள் முடிவு சொல்வதாகச் சொன்னார்.

அன்று மாலை தெருவே பொன்னுதுரை வீட்டில் கூடிவிட்டது. யாருக்கும் மருதமுத்து மேல் விரோதம் இல்லை. அவன் விறகில்லாமல் எங்கள் அடுப்பு எரிந்ததில்லை. ஆனால் அந்த ஒரு படிவம் பொய்யானால் எல்லாப் படிவமும் பொய். எல்லாம் பொய்யானால் அந்தப் படம் படை வந்த அன்று எடுத்ததல்ல என்று துரைக்குத் தெரிந்துவிடும்; இரண்டு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் வலிய வந்து நின்று படம் எடுத்துக்கொண்டதாக ஆகும். தலைகீழ்க் கொடி நிற்காது, சான்றிதழ் நிற்காது. பொன்னுதுரை மிகுந்த துயரத்தோடு ஒரு மனுவை வாசித்தார். தெய்வநாயகம் ஜப்பானியரால் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டு, அதனால் நினைவு பிறழ்ந்துபோனவர், அவர் சொற்களை அனுதாபத்தோடு கேட்கவேண்டுமே தவிர நம்பக்கூடாது என்பது அதன் சாரம். எழுநூறு பேர் கையெழுத்துப் போட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சாட்சி என்று என் கையெழுத்தை முதலில் வாங்கினார்கள்.

துரைக்கு அந்த மனு பெரிய நிம்மதியைக் கொடுத்தது. தெய்வநாயகத்துக்கு அரசாங்கத்தின் அனுதாபமும், சித்திரவதைக்கு ஆளானவர் என்ற சான்றிதழும், வேலையிலிருந்து கௌரவமான ஓய்வும் கிடைத்தன. தன்னை யாரும் ஓர் அறைகூட அறையவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதையும் நோயின் அறிகுறி என்று டாக்டர் குறித்துக்கொண்டார். மருதமுத்துவுக்கு நியாயம் செய்யும்பொருட்டு 'நினைவு தெளிவில்லாதவை' என்று மூன்றாவதாக ஒரு பட்டியல் திறந்து, அவன் பெயரை அதில் எழுதினார்கள். அந்தப் பட்டியலை எந்த முகாமுக்கும் அனுப்ப முறை இல்லை. அது மேசை இழுப்பறையில் இருந்தது.

பாக்கியம் அதற்குப் பிறகு காரியாலயத்துக்கு வரவில்லை. சியாமிலிருந்து திரும்புகிறவர்கள் தம்பின் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போக ஆரம்பித்தாள். மலாக்காவுக்கு ரயில் இல்லை. எங்கள் தண்டவாளத்தையும் பிடுங்கிச் சியாமுக்குத்தான் கொண்டுபோயிருந்தார்கள். லோரி கிடைத்தால் லோரி, இல்லாவிட்டால் நடை. பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். இறங்கும் ஒவ்வோர் ஆளிடமும், மலாக்கா மருதமுத்து, மாட்டுவண்டிக்காரர், இடதுகாதில் தழும்பு என்று கேட்பாள். ஐந்தாவது தடவை கணேசமூர்த்தி என்கிற ஒருவன், கண் மட்டும் மிஞ்சிய உடம்போடு, நின்று திரும்பிப் பார்த்தான். அவன் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தான்.

"போயிட்டாருக்கா," என்றான். "போன அந்த வருஷமே. தீபாவளிக்கு முன்னாடி, மழையில. வாந்திபேதி. நான்தான் மண்ணு போட்டேன்."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம். "சட்டை ஏதாச்சும் குடுத்தாங்களா அவருக்கு?"

"சாக்குதான்கா. எல்லாருக்கும் சாக்குதான்."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. என் மனைவிதான் அழுதாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாலையில் நிறுத்தி எங்களை அழச்சொல்லிப் படம் எடுத்தார்களே, அன்றைக்கு அவன் இறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மறு வருஷம் வெற்றி நாளுக்கு, போரில் மாண்ட நம் பட்டணத்தாருக்கு ஒரு கல் நாட்டவேண்டும் என்று தீர்மானம் வந்தது. கமிட்டித் தலைவர் பொன்னுதுரை. கல்லில் பன்னிரண்டு பெயருக்குத்தான் இடம். மருதமுத்துவின் சாவுக்குக் கணேசமூர்த்தி ஒரே சாட்சி. விதிப்படி இரண்டு பேர் வேண்டும். கூடப் புதைத்த இன்னொருவன் வந்து சொல்லலாம், அவனும் அங்கேயே புதைந்திருந்தான். அவன் பெயரும் நினைவு தெளிவில்லாத பட்டியலுக்குப் போயிற்று. கடைசியில் பதினொரு பெயர்தான் தேறியது. கல் வெறுமையாகத் தெரியக்கூடாதென்று, ஜப்பான் காலத்தில் தென்னைமரத்திலிருந்து விழுந்து இறந்த பொன்னுதுரையின் மைத்துனரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

திறப்பு விழாவுக்குப் பாக்கியம் வந்தாள். கையில் கொஞ்சம் மல்லிகைப்பூ. இங்கிலீஷ் எழுத்து, அவளுக்கு எந்த எழுத்தும் ஒன்றுதான். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்ற தெய்வநாயகத்திடம் நேரே போனாள்.

"அவரு பேரு இருக்கா ஐயா?"

"இல்லம்மா," என்றார் தெய்வநாயகம்.

பக்கத்தில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பாவம், இன்னும் தெளியவில்லை என்று ஒருவர் சொன்னார். எனக்கு அவள் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் போய், அது நோயாளி பேச்சு, பெயர் இருக்கிறது, கீழேயிருந்து இரண்டாவது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அது மைத்துனர் பெயர். இன்னும் இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னோம்.

அவள் கல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கு ஐயா எழுதினப்போ நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பூவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. துக்க மிகுதியால் பாக்கியம் என்பவருக்கும் நினைவு பிறழ்ந்திருப்பதை இக்கமிட்டி வருத்தத்தோடு பதிவு செய்கிறது, இனி அவர் எங்கே என்ன சொன்னாலும் அனுதாபத்தோடு நடத்தப்படவேண்டும் என்று பொன்னுதுரை தீர்மானம் கொண்டுவந்தார். நான் வழிமொழிந்தேன் என்று குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. கையெழுத்தும் என்னுடையதுதான். ஆனால் நான் எழுந்து நின்று எதிர்த்துப் பேசியதாகத்தான் எனக்கு நன்றாக ஞாபகம்.